கடனில் ஓடும் கப்பல்: கடற்கொள்ளையர் படங்களின் இரண்டாம் பாகம் குறித்து ஓர் ஆய்வு

கடற்கொள்ளையர் கதைகள் பெரும்பாலும் முற்றுப்பெறும் கதைகள். புதையல் கிடைத்துவிடும், அல்லது கடலுக்கே திரும்பிவிடும். கொள்ளையன் தூக்குமரத்தில் தொங்குவான், அல்லது மன்னிப்புப் பெற்றுக் கனவானாகிவிடுவான். ஆளுநரின் மகள் தனக்குரியவனை அடைந்துவிடுவாள். இவற்றில் எது நடந்தாலும் அதற்குமேல் சொல்ல ஒன்றும் மிஞ்சுவதில்லை என்பதால், இவ்வகைக் கதைக்கு இரண்டாம் பாகம் எழுதுவது துப்பறியும் கதைக்கோ போர்க்கதைக்கோ எழுதுவதைவிடக் கடினமான வேலையாக இருந்துவந்திருக்கிறது. துப்பறிவாளனுக்கு அடுத்த வாரம் இன்னொரு கொலை கிடைக்கும். ஆளுநராகிவிட்ட கொள்ளையனுக்கோ கோப்பும் வரிக்கணக்கும்தான் மிச்சம். 2003இல் வெளிவந்து உலகெங்கும் பெரும் வசூல் கண்ட ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்: தி கர்ஸ் ஆஃப் தி பிளாக் பேர்ள்’ படத்துக்கு 2006இல் வந்த தொடர்ச்சியான ‘டெட் மேன்ஸ் செஸ்ட்’, இந்தச் சிக்கலை எவ்வாறு எதிர்கொண்டது, எதில் வென்றது, எதில் சறுக்கியது என்பதை, அதற்கு முன்னும் பின்னும் வந்த முயற்சிகளோடு சேர்த்துப் பார்ப்பது பயனுள்ளது.

இச்சிக்கலை முதலில் உணர்ந்தவர்கள் நாவலாசிரியர்களே. 1922இல் ‘கேப்டன் பிளட்’ நாவலை எழுதிய ரஃபாயேல் சபாட்டினி, அநியாயமாக அடிமையாக விற்கப்பட்ட ஒரு மருத்துவன் கொள்ளையனாகி, இறுதியில் ஜமைக்காவின் ஆளுநராவதோடு கதையை முடித்துவிட்டார். வாசகர்கள் மேலும் கேட்டபோது, ஆளுநரான பிறகு என்ன நடந்தது என்று எழுதாமல், மூலக்கதையின் காலத்துக்குள்ளேயே இடைவெளிகளைத் தேடி, அவற்றில் நிகழ்ந்ததாகப் புதிய சாகசங்களை எழுதி 1931இலும் 1936இலும் தொகுப்புகளாக வெளியிட்டார். முடிந்த கதையை நீட்டாமல் அதன் நடுவைக் கிளைபரப்பிய இந்த உபாயம், ஒரு நல்ல கதைசொல்லியின் தன்னடக்கத்தைக் காட்டுகிறது. இந்நாவல் 1935இல் மைக்கேல் கர்ட்டிஸ் இயக்கத்தில், எரல் ஃபிளின்னைப் புகழின் உச்சிக்கு ஏற்றிய படமாக வந்தது. தமிழில் 1965இல் பி. ஆர். பந்துலு இயக்கி எம்.ஜி.ஆர். நடித்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ இந்தக் கதையோட்டத்தையே அடியொற்றியது என்பதும், மருத்துவன் அடிமையாகிப் பின் கடற்கொள்ளையனாகும் அதன் அடிச்சரடு அங்கிருந்து வந்ததே என்பதும் திரைப்பட ஆர்வலர்கள் நன்கறிந்தவை. எரல் ஃபிளின்னின் படத்துக்கோ, அவர் மறைந்து மூன்றாண்டுகளுக்குப் பின், 1962இல், அவருடைய சொந்த மகன் ஷான் ஃபிளின்னையே நாயகனாக்கிக் ‘கேப்டன் பிளட்டின் மகன்’ என்னும் பொருள்படும் ஒரு தொடர்ச்சி எடுக்கப்பட்டது. தந்தையின் முகச்சாயலைத் தவிர அப்படத்துக்கு வேறு மூலதனம் இல்லை. அது இன்று ஒரு விந்தைச் செய்தியாக மட்டுமே நினைவுகூரப்படுகிறது.

மற்றொரு முயற்சி இதைவிடச் சற்றுக் கவனிக்கத்தக்கது. 1950இல் டிஸ்னி நிறுவனம், முழுக்க மனித நடிகர்களைக் கொண்டு தான் எடுத்த முதல் படமாக, ஸ்டீவன்சனின் ‘டிரெஷர் ஐலண்ட்’ நாவலைத் திரைக்குக் கொண்டுவந்தது. அதில் ஒற்றைக்கால் லாங் ஜான் சில்வராக நடித்த ராபர்ட் நியூட்டன், இங்கிலாந்தின் மேற்குப்புற மாவட்டங்களின் பேச்சைக் கரடுமுரடாக உருட்டிப் பேசிய விதம்தான், கடற்கொள்ளையன் என்றால் இப்படித்தான் பேசுவான் என்று உலகம் இன்றுவரை நம்பும் உச்சரிப்புக்கு அச்சாக அமைந்தது. அதே நியூட்டனையும் அதே இயக்குநர் பைரன் ஹாஸ்கினையும் கொண்டு, ஆனால் டிஸ்னியின் கை இல்லாமல், 1954இல் ஆஸ்திரேலியாவில் ‘லாங் ஜான் சில்வர்’ எடுக்கப்பட்டது. ஸ்டீவன்சன் எழுதாத ஒரு கதையை, துணைப்பாத்திரமாக இருந்தவனை நடுநாயகமாக்கிச் சொல்ல முற்பட்ட இப்படம், பிற்காலத் தொடர்ச்சிகள் விழுந்த குழியில் முன்கூட்டியே விழுந்தது: ஓரத்தில் நின்று கதையைக் கலைத்துக்கொண்டிருக்கும்வரை சுவையாக இருக்கும் ஒருவன், கதையையே தோளில் சுமக்க நேர்ந்தவுடன் தன் சுவையை இழந்துவிடுகிறான்.

இதன்பின் நெடுங்காலம் கடற்கொள்ளையர் படம் என்றாலே தயாரிப்பாளர்கள் அஞ்சும் நிலை ஏற்பட்டது. ரோமன் பொலான்ஸ்கியின் ‘பைரேட்ஸ்’ 1986இல் தோற்றது. 1995இல் வந்த ‘கட்த்ரோட் ஐலண்ட்’ சுமார் 10 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்டு, அமெரிக்காவில் ஏறத்தாழ 1 கோடி டாலர் மட்டுமே வசூலித்தது. அதைத் தயாரித்த கரோல்கோ நிறுவனம், படம் திரைக்கு வருவதற்குச் சற்று முன்பே திவாலாகிவிட்டது. ஆகவே, 2003இல் ஜெர்ரி பிரக்ஹைமர் தயாரிப்பில், கோர் வெர்பின்ஸ்கி இயக்கத்தில், டிஸ்னிலேண்ட் பொழுதுபோக்குப் பூங்காவில் 1967 முதல் ஓடிக்கொண்டிருந்த ஒரு படகுச் சவாரியை ஆதாரமாக வைத்து ஒரு படம் எடுக்கப்படுகிறது என்றபோது, அதைப் பலரும் விளையாட்டாகவே எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. அந்தச் சவாரி, வால்ட் டிஸ்னி நேரடியாக மேற்பார்வையிட்ட கடைசிப் படைப்பு. அதன் திறப்புக்குச் சில மாதங்களுக்கு முன், 1966 டிசம்பரில் அவர் இறந்துவிட்டார். கதை என்று ஒன்று அதில் இல்லை. எரியும் ஊர், குடிகாரக் கொள்ளையர், புதையலின்மீது சாய்ந்திருக்கும் எலும்புக்கூடு எனக் காட்சித் துணுக்குகள்தான் இருந்தன. கதை இல்லாத மூலம் என்பது எழுத்தாளர்களான டெட் எலியட்டுக்கும் டெரி ரோசியோவுக்கும் தடையாக அமையாமல் விடுதலையாகவே அமைந்தது என்று சொல்ல வேண்டும்.

முதல் படத்தின் கட்டமைப்பு கச்சிதமானது. அஸ்டெக் மக்களின் சபிக்கப்பட்ட பொற்காசுகளைத் திருடியவர்கள் சாகவும் முடியாமல் வாழவும் முடியாமல் தவிக்கிறார்கள். நிலவொளியில் அவர்களுடைய எலும்பு தெரிகிறது. காசுகள் அனைத்தும் திரும்பி, உரியவரின் இரத்தமும் செலுத்தப்பட்டால் சாபம் நீங்கும். கொல்லனான வில் டர்னர் ஆளுநரின் மகள் எலிசபெத்தை அடைகிறான். கொள்ளையன் ஜாக் ஸ்பாரோ தன் கப்பலை அடைகிறான். சாபம் நீங்கிய கணத்தில் பகைவன் பார்போசா சுடப்பட்டு இறக்கிறான். 143 நிமிடங்களில் எல்லா முடிச்சும் அவிழ்ந்துவிடுகின்றன. அதோடு, ஜாக்காக வந்த ஜானி டெப்பின் நடிப்பைக் கண்டு படப்பிடிப்பின்போது கலக்கமுற்ற நிறுவன அதிகாரிகளை வெட்கப்படவைக்கும் வகையில், அவருக்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரையும், படத்துக்கு உலகளவில் 65 கோடி டாலர் வசூலும் கிடைத்தன. வணிகம் இரண்டாம் பாகத்தைக் கேட்டது. கதைக்கு அது தேவைப்படவில்லை. ஆய்வின் மையமான கேள்வி இங்குதான் எழுகிறது: தேவையில்லாத ஒரு தொடர்ச்சி தனக்கென ஒரு காரணத்தை எங்கிருந்து பெறுகிறது?

‘டெட் மேன்ஸ் செஸ்ட்’ அக்காரணத்தைக் கடன் என்னும் கருத்தில் கண்டெடுத்தது என்பதே இக்கட்டுரையின் துணிபு. முதல் படத்தை இயக்கியது சாபம். இரண்டாம் படத்தை இயக்குவது கடன். சாபம் என்பது யாரோ ஒருவர் எப்போதோ இட்டது, அறியாமல் தொட்டவரையும் பிடிப்பது. கடன் என்பது அறிந்து, ஒப்புக்கொண்டு, கையெழுத்திட்டு வாங்குவது. மூழ்கிப்போன தன் கப்பலான ‘பிளாக் பேர்ள்’ளைக் கடலடியிலிருந்து தூக்கித் தரும்படி ஜாக் ஒருகாலத்தில், பேய்க்கப்பலொன்றின் தலைவனான டேவி ஜோன்ஸிடம் கேட்டிருந்தான், 13 ஆண்டுகள் தலைவனாக இருந்துகொள், அதன்பின் என் கப்பலில் 100 ஆண்டுகள் ஊழியம் செய் என்பது ஒப்பந்தம். தவணை வந்துவிட்டது. இடையில் நிகழ்ந்த கலகத்தால் இரண்டாண்டுகள்தான் தலைவனாக இருக்க முடிந்தது என்று ஜாக் வாதாடுவதும், ஆனாலும் உன்னைத் தலைவன் என்றே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாயே என்று ஜோன்ஸ் மடக்குவதும், வட்டிக்கடையில் நிகழும் பேரத்தின் தொனியிலேயே அமைந்துள்ளன. பின் அந்தப் பேரம் மேலும் நீள்கிறது: தன் ஒருவனுக்கு ஈடாக மூன்று நாள்களில் 100 ஆன்மாக்களைக் கொண்டுவந்து தருவதாக ஜாக் ஒப்புக்கொள்கிறான், முன்பணமாக வில்லை அந்தக் கப்பலிலேயே விட்டுவிட்டு வருகிறான்.

இந்தக் கணக்கு ஏனைய பாத்திரங்களுக்கும் பரவுகிறது. வில்லின் தந்தை பூட்ஸ்டிராப் பில், ஏற்கெனவே அதே கப்பலில் அடிமையாகி, உடம்பில் சிப்பியும் பாசியும் படர்ந்து கிடக்கிறான். படத்தின் மிகச் சிறந்த காட்சிகளில் ஒன்று அங்குதான் நிகழ்கிறது. கிண்ணத்தின் கீழ் மறைத்த ஐந்து பகடைகளை வைத்து, மேசையிலுள்ள எல்லாருடைய பகடைகளிலும் குறிப்பிட்ட எண் எத்தனை முறை விழுந்திருக்கும் என்று ஒருவர்மேல் ஒருவர் உயர்த்திச் சொல்லிக்கொண்டே போய், பொய்யெனத் தோன்றும்போது சவால் விடும் ‘பொய்யர் பகடை’ என்னும் மாலுமிகளின் ஆட்டத்தை வில் ஜோன்ஸுடன் ஆடுகிறான். அவன் பணயம் தன் ஆன்மா. கேட்பது, ஜோன்ஸ் தன் இதயத்தைப் பூட்டிவைத்திருக்கும் பேழையின் திறவுகோல். மகன் தோற்றுவிடக் கூடாது என்று தந்தை இடையில் புகுந்து ஏலத்தை உயர்த்தித் தான் தோற்றுப்போகிறார். ஆனால் வில்லுக்கு வெற்றி ஒருபோதும் நோக்கமில்லை. திறவுகோல் எங்கே ஒளித்து வைக்கப்பட்டுள்ளது என்பதை ஜோன்ஸ் தன் வாயாலோ கையாலோ காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதே அவன் குறி. தந்தையின் தியாகம் தேவையற்ற தியாகமாகிவிடுகிறது. வாளும் பீரங்கியும் இல்லாமல், மேசையைச் சுற்றி உட்கார்ந்தபடியே மூன்று பேருடைய இயல்பும் வெளிப்படும் இக்காட்சிக்கு இணையானது முதல் பாகத்தில்கூட இல்லை.

திசைகாட்டியைப் படம் கையாளும் விதமும் இதே தேர்ச்சியைக் காட்டுகிறது. முதல் படத்தில் ஜாக்கின் திசைகாட்டி வடக்கைக் காட்டுவதில்லை என்பது ஒரு நகைச்சுவைக் குறிப்பு. அது புதையல் தீவைக் காட்டுவது என்ற அளவில் விளக்கப்பட்டு விடப்பட்டது. இரண்டாம் படம் அதை மறுக்காமலே விரித்து, கையில் வைத்திருப்பவர் எதை மிகுதியும் விரும்புகிறாரோ அதன் திசையை அது காட்டும் என்கிறது. இப்போது அது ஜாக்கின் கையில் நிலைகொள்ளாமல் சுழல்கிறது. தனக்கு என்ன வேண்டும் என்பது அவனுக்கே தெரியவில்லை. எலிசபெத்திடம் கொடுத்தால் அது ஒருபுறம் பேழையையும் மறுபுறம், அவளே அஞ்சும்படியாக, ஜாக்கையும் காட்டுகிறது. முன்கதையில் சொன்ன ஒரு விவரத்துக்குப் பின்கதையில் புதுப்பொருள் ஏற்றுவதைத் திரைக்கதையாளர்கள் அடிக்கடி செய்கிறார்கள். பெரும்பாலும் அது ஒட்டுப்போட்டதாகத் தெரியும். இங்கே ஒட்டுத் தெரியவில்லை.

டேவி ஜோன்ஸ் என்னும் பாத்திரம் தனியே ஆராயத்தக்கது. கடலில் மூழ்கி இறந்தவர்கள் போய்ச்சேரும் இடத்தை டேவி ஜோன்ஸின் பெட்டகம் என்று ஆங்கில மாலுமிகள் 18ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவந்தனர். 1751இல் வெளிவந்த ஸ்மாலெட்டின் நாவலொன்று அவனை, கடலின் தீய ஆவிகளுக்குத் தலைவனாக வர்ணிக்கிறது. கரைசேர முடியாமல் என்றென்றும் கடலில் அலையும் ‘பறக்கும் டச்சுக்காரன்’ என்னும் பேய்க்கப்பல் வேறொரு மரபைச் சேர்ந்தது. வாக்னரின் 1843ஆம் ஆண்டு இசைநாடகத்தால் அது ஐரோப்பாவெங்கும் பரவியது. இவ்விரண்டையும் இணைத்து, மூன்றாவதாக, இதயத்தை அறுத்தெடுத்துப் பேழைக்குள் பூட்டிவைத்தவன் என்னும் நாட்டுப்புறக் கதைக்கூறையும் எலியட்டும் ரோசியோவும் சேர்த்தார்கள். ஏழு கடல் ஏழு மலை தாண்டி ஒரு கிளியின் உடலில் உயிரை வைத்திருக்கும் மந்திரவாதியின் கதையைப் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்த தமிழ் வாசகருக்கு இக்கூறு சிறிதும் அந்நியமானதல்ல. உயிரை உடலுக்கு வெளியே வைத்தல் என்று நாட்டார் வழக்காற்றியலாளர் வகைப்படுத்தும் இக்கதைக்கூறு, ருஷ்யாவிலும் நார்வேயிலும் இந்தியாவிலும் ஒருபோல வழங்குவது. வேறுபாடு ஒன்று உண்டு. நம் மந்திரவாதி சாகாமலிருக்க உயிரை ஒளித்தான். ஜோன்ஸ், காதலின் வலியைத் தாங்காமல் இதயத்தை ஒளித்தான்.

அவனைத் திரையில் உருவாக்கிய முறை அக்காலத்தில் ஒரு பாய்ச்சல். தாடியே எண்காலிகளின் கைகளாய் நெளிய, ஒரு கை நண்டுக்கொடுக்காய் விரிய, மூக்கற்ற முகத்துடன் தோன்றும் ஜோன்ஸின் உடலும் முகமும் முழுக்கக் கணினியால் வரையப்பட்டவை. நடிகரின் உடலில் குறிகளைப் பொருத்தி, அவர் அசைவைக் கணினியில் பதிந்து, அதைக் கற்பனை உருவத்துக்கு மாற்றும் அசைவுப்பதிவு என்னும் நுட்பம் அதற்கு முன்பே இருந்தது. ஆனால் அது பெரும்பாலும் தனி அரங்கில், சுற்றிலும் கருவிகள் சூழச் செய்யப்பட்டது. இப்படத்துக்காக இண்டஸ்ட்ரியல் லைட் அண்டு மேஜிக் நிறுவனத்தார், பில் நைய் சாம்பல்நிற உடையில், முகத்தில் புள்ளிகளுடன், மற்ற நடிகர்களோடு படப்பிடிப்புத் தளத்திலேயே நின்று நடித்ததை அங்கேயே பதிவுசெய்யும் முறையைக் கையாண்டார்கள். எதிரே நிற்பவரின் கண்ணைப் பார்த்து நடித்ததன் பயன் திரையில் தெரிகிறது: வெறும் பூதமாக இருந்திருக்க வேண்டிய ஒன்று, உதட்டைச் சுழித்து, இமையைச் சிமிட்டி, அவமானப்பட்டு, ஆத்திரப்படுகிறது. முகத்தில் பூசிய ஒப்பனை என்றே பல பார்வையாளர்கள் நம்பினார்கள். ஜான் நோல், ஹால் ஹிக்கெல், சார்லஸ் கிப்சன், ஆலன் ஹால் ஆகிய நால்வருக்கும் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் விருதை இப்பணி பெற்றுத் தந்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின் வரும் படங்களின் கணினி உருவங்கள் பல இதற்கு முன் வெளிறித் தெரிகின்றன என்பது மிகையில்லை.

இனி, இரண்டாம் பாகம் கொண்டுவந்த மற்றொரு பகைவன். முதல் படத்தில் சட்டத்தின் முகம் கடற்படைத் தளபதி நாரிங்டன். விறைப்பானவர், ஆனால் நேர்மையானவர். இரண்டாம் படம் தொடங்கும்போதே அந்த இடத்தில் கட்லர் பெக்கெட் என்னும் சிறிய உருவங்கொண்ட, குரல் உயர்த்தாத ஒரு மனிதர் வந்து உட்கார்கிறார். அவர் அரசின் ஆள் அல்லர். கிழக்கிந்திய வணிகக் கும்பெனியின் ஆள். திருமண நாளன்று மணமக்களைக் கைது செய்கிறார். ஜாக்கைப் பிடிக்கத் தூக்குக்கயிற்றை விட்டுவிட்டு உரிமைச் சீட்டை நீட்டுகிறார். உரிமைச் சீட்டு என்பது, பகைநாட்டுக் கப்பல்களைப் பிடித்துக் கொள்ளையடிக்கத் தனியாருக்கு அரசே வழங்கிய அனுமதி. அது கையில் இருந்தால் மாலுமி, இல்லாவிட்டால் கொள்ளையன். ஸ்பானியரைச் சூறையாடிய ஹென்றி மார்கன் பட்டம் பெற்று ஜமைக்காவின் துணை ஆளுநரானதும், அத்தகைய சீட்டு வைத்திருந்த வில்லியம் கிட் 1701இல் லண்டனில் தூக்கிலிடப்பட்டதும் இந்த மெல்லிய கோட்டின் இருபுறங்கள். 1717இல் ஜார்ஜ் மன்னர் பொதுமன்னிப்பு அறிவித்ததும், மறு ஆண்டு உட்ஸ் ராஜர்ஸ் நாசாவ் துறைமுகத்துக்கு ஆளுநராக வந்து கொள்ளையரின் குடியிருப்பைக் கலைத்ததும் கரீபியக் கொள்ளைக் காலத்தின் அந்திமம் ஆயின. பெக்கெட்டின் பாத்திரம் இந்த அந்திமத்தை ஒரு மனிதராகச் சுருக்கியது.

வரலாற்று நோக்கில் இதில் ஒரு பிழை உண்டு. கிழக்கிந்தியக் கும்பெனியின் சாசனம் கிழக்குக் கடல்களுக்கானது. கரீபியனில் அதற்கு அதிகாரம் இல்லை. படத்தின் கதை நிகழும் போர்ட் ராயல் நகரமே 1692ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் பெரும்பகுதி கடலுக்குள் போய்விட்டது. ஆனால் இப்பிழையை இந்தியக் கடற்கரையிலிருந்து பார்க்கும்போது, அதனுள் ஓர் உண்மை தென்படுகிறது. கும்பெனிக்கும் கடற்கொள்ளையருக்குமான உறவு எந்தக் கடலில் உண்மையாகவே நிலவியதோ அது இந்துமாக் கடல். 1695இல் ஹென்றி எவரி, முகலாயருக்குரிய ‘கஞ்ச்-இ-சவாய்’ கப்பலைக் கொள்ளையிட்டபோது, அதற்கான விலையைச் சூரத்தில் இருந்த கும்பெனியின் ஊழியர்கள் சிறைவாசமாகக் கொடுத்தார்கள். கிட் 1698இல் மலபார்க் கரையருகே பிடித்த ‘கெடா மெர்ச்சன்ட்’ கப்பலும் முகலாய அவையின் கோபத்தைக் கும்பெனிமீது திருப்பியது. கொள்ளையரை ஒழிப்பது கும்பெனிக்கு அறம் அன்று, வணிகத் தேவை. மறுபக்கம், மராட்டியக் கடற்படையை நடத்திய கனோஜி ஆங்கரே தன் கடலில் செல்லும் கப்பல்கள் தன்னிடம் சீட்டுப் பெற வேண்டும் என்றபோது, அதே முறையைப் போர்த்துக்கீசியர் இரு நூற்றாண்டுகளாகக் கடைப்பிடித்து வந்திருந்தும், ஆங்கிலேயர் அவரைக் கொள்ளையன் என்றே எழுதிவைத்தார்கள். 2007இல் வந்த மூன்றாம் பாகம், ஒன்பது கொள்ளைத் தலைவர்களுள் ஒருவராக ஸ்ரீ சம்பாஜி ஆங்கிரியா என்னும் தலைப்பாகைக்காரரைக் கொண்டுவந்து, கனோஜியின் மகன் சம்பாஜியின் பெயரை எடுத்துக்கொண்டு அவரை ஒரு கேலிச்சித்திரமாக்கியது. கும்பெனியைப் பகைவனாக்கிய படமே கும்பெனியின் ஏட்டுக்கணக்கை அப்படியே நம்பியது விந்தைதான்.

இதைவிடக் கடுமையான குறையைத் தொமினிக்கா தீவின் கலினாகோ மக்கள் எழுப்பினர். கரீபியத் தீவுகளின் தொல்குடிகளாகிய இவர்களுக்கு 1903இல் அத்தீவில் தனி நிலப்பகுதி ஒதுக்கப்பட்டது. படப்பிடிப்பு அங்கே நடக்கவிருந்தபோது, ஜாக்கைத் தெய்வமாக்கி வாட்டித் தின்னக் காத்திருக்கும் நரமாமிசக் கூட்டமொன்று கதையில் வருவதை அவர்களின் அன்றைய தலைவர் சார்லஸ் வில்லியம்ஸ் 2005இல் வெளிப்படையாக எதிர்த்தார். கலினாகோக்கள் மனிதரைத் தின்பவர்கள் என்னும் குற்றச்சாட்டு வெறும் அவதூறாக நின்றுவிடவில்லை. அத்தகையோரை அடிமையாக்கலாம் என்று ஸ்பானிய அரசி இசபெல்லா 1503இல் அனுமதி வழங்க அதுவே சாக்காயிற்று. வேலை தேவைப்பட்ட அம்மக்களில் சிலர் துணை நடிகர்களாகப் பங்கேற்கவும் செய்தார்கள். எலும்புக் கூண்டுகள் உருள்வதும், மூங்கிலில் கட்டப்பட்ட ஜாக் பாலத்திலிருந்து விழுவதுமாக நீளும் அந்தப் பகுதி கதைக்கு எதையும் சேர்க்கவில்லை. அதை வெட்டியிருந்தால் படம் குறுகியிருக்கும், மானமும் மிஞ்சியிருக்கும். 151 நிமிடப் படத்தின் முதல் ஒரு மணிநேரம் தொய்வதற்கு அதுவே பெருங்காரணம்.

தொய்வுக்கு மறுமுனையில் நிற்பது, பேழைக்காக ஒரு தீவின் கரையில் நிகழும் மும்முனை வாட்போர். பதவியிழந்து குடிகாரனாகிவிட்ட நாரிங்டன், இதயத்தைப் பெக்கெட்டிடம் கொடுத்து இழந்த மதிப்பை மீட்கப் பார்க்கிறார்; வில், அதைக் குத்தித் தந்தையை விடுவிக்க விரும்புகிறான்; ஜாக், அதைக் கையில் வைத்துக்கொண்டு கடனை அடைக்காமலே தப்ப விரும்புகிறான். இடிந்த கோயிலிலிருந்து கழன்று காட்டுக்குள் உருண்டோடும் நீர்ச்சக்கரத்தின் மேலும் உள்ளும் அவர்கள் சண்டையிட, சண்டையை நிறுத்த முயன்று பலிக்காத எலிசபெத் மயங்கி விழுவதுபோல் நடிக்கிறாள். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மூவரும் எதற்காக மோதுகிறார்கள் என்பதை இரண்டு கோமாளிக் கொள்ளையர்கள் மிகச் சரியாக விளக்கிவிட்டு, பேழையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ஒரே பொருளுக்கு மூவர் மூன்று விலை வைக்கும் இக்காட்சியில் படத்தின் கருத்தும் களியாட்டமும் ஒன்றாகிவிடுகின்றன. எந்த முனையிலும் நல்லவன், கெட்டவன் என்னும் பிரிவினை இல்லை. இறுதியில் இதயம் நாரிங்டன் வழியாகக் கும்பெனியின் மேசைக்குப் போய்ச்சேர்வது, அதுவரை நடந்த பேரங்களின் இயல்பான முடிவு.

எலிசபெத்தின் செயலும் அத்தகையதே. கடன்காரனைத் தேடிவரும் கிராக்கன் என்னும் பேருருக் கணவாயிடமிருந்து மற்றவர்கள் தப்ப வேண்டுமானால் ஜாக் கப்பலிலேயே இருந்தாக வேண்டும் என்று உணர்ந்து, அவனை முத்தமிட்டபடியே பாய்மரத்தோடு விலங்கிட்டுவிட்டு அவள் படகேறுகிறாள். ஆளுநரின் மகள் கொள்ளையராகும் கணம் அதுவே. முதல் படம் வாக்களித்திருந்த மாற்றத்தை இரண்டாம் படம் இவ்வளவு கசப்பாக நிறைவேற்றும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. குற்ற உணர்வை அவள் யாரிடமும் சொல்லாமல் சுமப்பதும், அதை வேறுவிதமாகப் புரிந்துகொண்டு வில் வாடுவதும், அடுத்த பாகத்துக்கு விடப்பட்ட நல்ல விதைகள்.

ஆனால் விதைகளோடு நிறுத்திக்கொண்டதுதான் இப்படத்தின் பெருங்குறை. இரண்டாம், மூன்றாம் பாகங்களின் படப்பிடிப்பு 2005இல் ஒருசேரத் தொடங்கியது. அப்போது மூன்றாம் பாகத்தின் திரைக்கதை முழுமை பெற்றிருக்கவில்லை. செலவைக் குறைக்கவும் நடிகர்களைக் கலையாமல் வைத்திருக்கவும் ஹாலிவுட் கையாளும் இம்முறை, 1989இலும் 1990இலும் வந்த ‘பேக் டு தி ஃபியூச்சர்’ தொடர்ச்சிகளிலும், 2003இல் வந்த ‘மேட்ரிக்ஸ்’ தொடர்ச்சிகளிலும் பின்பற்றப்பட்டதே. அதன் தீங்கு என்னவென்றால், நடுப்படத்துக்கு முடிவு எழுத வேண்டிய கட்டாயம் இல்லாமல் போய்விடுகிறது. கிராக்கன் கப்பலை விழுங்குகிறது, தப்பியவர்கள் சதுப்புநிலக் குடிசையில் டியா டால்மா என்னும் மந்திரக்காரியின் முன் கூடுகிறார்கள், இறந்தவன் பார்போசா ஆப்பிளைக் கடித்தபடி மாடிப்படியில் இறங்கிவருகிறான், திரை இருள்கிறது. தமிழ் ரசிகருக்கு நன்கு பழகிய இடைவேளைத் திருப்பம் இது. ஒரே மாறுபாடு, தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிவர இங்கே பத்து மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஜோன்ஸின் இசைப்பெட்டிக்கும் டியா டால்மாவின் கழுத்திலுள்ள பதக்கத்துக்கும் உள்ள தொடர்பு, ஜோன்ஸ் எந்தக் கடமையைக் கைவிட்டதால் அந்த உருவத்தை அடைந்தான் என்பது ஆகிய இரண்டும் தெரியாமல் இரண்டாம் படத்தின் துயரம் முழுதாகப் புலப்படாது. அவ்விரண்டும் மூன்றாம் படத்திலேயே சொல்லப்படுகின்றன.

வணிகம் இக்குறையைப் பொருட்படுத்தவில்லை. 2006 ஜூலை 7இல் வெளியான படம், அமெரிக்காவில் முதல் மூன்று நாள்களில் மட்டும் 13.5 கோடி டாலர் ஈட்டி அன்றைய சாதனையை முறியடித்தது. உலகளவில் 106 கோடி டாலரைத் தொட்டு, ‘டைட்டானிக்’குக்கும் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ மூன்றாம் பாகத்துக்கும் பிறகு 100 கோடியைக் கடந்த மூன்றாவது படமாயிற்று. அதே ஆண்டு டிஸ்னிலேண்டின் பழைய சவாரியில் ஜாக் ஸ்பாரோ, பார்போசா ஆகியோரின் பொம்மைகள் புதிதாக வைக்கப்பட்டன. சவாரி படத்தைப் பெற்றது போய், படம் சவாரியை மாற்றத் தொடங்கியது. விமர்சகர்கள் மட்டும் இரு கூறாகப் பிரிந்து நின்றார்கள். நீளத்தையும் குழப்பத்தையும் அவர்கள் குறைகூறியது நியாயமே ஆனாலும், குழப்பம் என்று அவர்கள் சொன்னதில் ஒரு பங்கு, யார் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள் என்னும் கணக்கைப் பின்தொடரும் பொறுமையின்மை.

பின்வந்த பாகங்கள் இக்கணக்கை விரைவில் மறந்தன. 168 நிமிடம் ஓடும் மூன்றாம் பாகமான ‘அட் வேர்ல்ட்ஸ் எண்டு’, கும்பெனியின் மேலாட்சிக்கு எதிரான கொள்ளையர் கூட்டணி என்னும் பெருங்கருத்தை எடுத்து, துரோகத்தின்மேல் துரோகமாக அடுக்கி மூச்சு முட்டினாலும், இடிந்து சிதறும் தன் கப்பலின் படிகளில், எல்லாம் நல்ல வணிகம்தானே என்னும் திகைப்புடன் பெக்கெட் இறங்கிவரும் காட்சியில் முன்படம் தொடங்கியதை முடித்துவைத்தது; வசூல் 96 கோடி டாலர். 2011இல் ராப் மார்ஷல் இயக்கிய நான்காம் பாகம், டிம் பவர்ஸின் 1987ஆம் ஆண்டு நாவலிலிருந்து சில கூறுகளை எடுத்துக்கொண்டு, வில்லையும் எலிசபெத்தையும் விட்டுவிட்டு, ஜாக்கை நாயகனாக்கியது. அதுவரை எடுக்கப்பட்ட படங்களிலேயே மிக அதிகச் செலவானவற்றுள் ஒன்றான அது 104 கோடி டாலர் வசூலித்தும், 1954ஆம் ஆண்டின் லாங் ஜான் சில்வர் சறுக்கிய அதே இடத்தில் சறுக்கியது. 2017இல் வந்த ஐந்தாம் பாகம் மீண்டும் ஒரு சாபம், மீண்டும் செத்தும் சாகாத மாலுமிகள், மீண்டும் தந்தையைத் தேடும் மகன் என்று முதல் படத்தையே மறுபடி எடுத்தது. திசைகாட்டிக்கு இரண்டாம் படம் தந்திருந்த விளக்கத்தோடு முரண்படும் ஒரு பிறப்புக்கதையையும் சொல்லியது. வசூல் 79 கோடியாக இறங்கியது.

இந்நான்கு தொடர்ச்சிகளுள் தனக்கெனச் சொல்ல ஒரு பொருள் வைத்திருந்தது இரண்டாம் பாகமே. அதை முழுமையாக நுகர விரும்புவோர் முதல் பாகத்துக்கு அடுத்து அதையும் மூன்றாம் பாகத்தையும் ஒரே வாரத்தில் தொடர்ந்து பார்ப்பது நல்லது. நான்காவதையும் ஐந்தாவதையும் விட்டுவிட்டால் கதைக்கு எந்த நட்டமும் இல்லை.